பீடத்துப் பாண்

1988 செப்டெம்பரில் ஜெபரட்ணம் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊருக்கு வந்து ஒன்பது மாதமாகியிருந்தது. துணி ஆலையில் வேலை. மனைவி கிருபாமலரையும் நாலு வயது மகள் ஹன்னாவையும் மட்டக்களப்பிலிருந்து கூப்பிடப் போட்ட விண்ணப்பத்துக்குக் கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு வரி பதில் இல்லை. அந்த நாட்களில் தமிழருக்கெல்லாம் அதே கதைதான். ஊர்த் தேவாலயத்துப் போதகர் இரங்கி, இவன் உழைத்துக் குடும்பத்தைப் பார்க்கக்கூடியவன் என்று ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னார். அறுப்பு ஞாயிறுக்கு அழைத்ததும் அவர்தான்.

அறுப்புப் பண்டிகை அவனுக்குப் புதிதில்லை. மட்டக்களப்பில் ஆராதனை முடிய, காணிக்கையாக வந்த விளைச்சலை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஒரு சேவலுக்காக மூப்பர்மார் முகம் கறுத்துப் பிரிந்ததும் உண்டு. ஜேர்மனியில் ஏலம் கிடையாதாம். ஒன்றுவிட்ட தம்பி ஜெபநேசன் அங்கிருந்து எழுதியிருந்தான்: பீடத்தடியில் வைத்ததை அகதிகளுக்குப் பையில் போட்டே கொடுக்கிறார்கள், வாங்காவிட்டால்தான் அவர்களுக்கு மனவருத்தம். பக்கத்து நாடு, பண்டிகையும் ஒன்று, வழக்கம் மட்டும் வேறாகவா இருக்கும் என்று ஜெபரட்ணம் நினைத்துவிட்டான்.

ஒரு பை வெங்காயம் கொண்டுபோய் வைத்தான். பூசணிக்கும் கரட்டுக்கும் நடுவில், கோதுமைக் கட்டுப் போலவே பின்னிச் சுட்ட பெரிய பாண் ஒன்று. ஆராதனை முடிய எல்லோரும் பக்கத்து மண்டபத்துக்குப் போனார்கள். பீடம் சோடித்த எலன் என்ற வயதான பெண் வெங்காயப் பையைக் காட்டி, அவன் கையைப் பிடித்து, "தக், தக்" என்றாள்.

அவன் டேனிஷ் சொற்களைப் புத்தகத்தில் பார்த்துத் தமிழெழுத்தில் எழுதிப் பாடமாக்குகிறவன். கொப்பியில் 'தக்' இரண்டு தரம் இருந்தது. ஒன்று நன்றி, மற்றது எடு. டேனிஷில் கடைசி எழுத்து வேறு வேறு, நம்மிடம் இரண்டுக்கும் ஒரே 'க்' தானே. இரண்டாவதை இங்குள்ளவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள் என்பதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவள் மண்டபத்துக்குத் திரும்பியதும், தம்பியின் கடிதம் மனதில் நிற்க, அவன் பாணை எடுத்து மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான்.

அறையில் கூட இருந்த மாமாங்கம் சம்பல் இடித்தான். "உன்ர சாமி பரவாயில்ல மச்சான், எங்கட கோயில்ல ஒரு வாழைப்பழத்தோட சரி" என்றான். பாதியைத் தின்றிருப்பார்கள், கதவு தட்டுப்பட்டது.

போதகரும் எலனும். கடிதத்தை நாளைக்கே தபாலில் போட வேண்டும், கையெழுத்து வேண்டுமாம். எலன் மேசையைப் பார்த்தாள். மண்டபத்தில் முப்பது பேர் வெண்ணெயும் கோப்பியுமாகக் காத்திருந்தது அந்தப் பாணுக்குத்தான் என்பதைப் போதகர் மெதுவாக, கைச்சாடையும் சேர்த்து விளங்கப்படுத்தினார். கோபமேயில்லை. அந்த இரக்கம்தான் ஜெபரட்ணத்தின் தலையைக் குனிய வைத்தது.

போதகர் பேனையை எடுத்துக் கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்து வாசித்தார். அதில் 'சுல்டன்' என்ற சொல் வந்தது. பசி. அது அவனுக்குத் தெரிந்த சொல். பசியில் கிடக்கிற மனிதனை நம்பி யார் ஒரு பெண்ணையும் பிள்ளையையும் அனுப்புவார்கள்?

பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று சொல்லத்தான் ஆசை. அதற்கான டேனிஷ் வரவில்லை. எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தான். அரிசி மூட்டை, பருப்பு, மீன் பேணிகள், முட்டை, நேற்று வாங்கிய முழுப் பாண் ஒன்று.

"பசி இல்லை" என்றான் டேனிஷில். "வேலை இருக்கு. சாப்பாடு இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான், பசியில்லாமல் பீடத்துப் பாணை எடுத்தவனுக்கு என்ன பெயர் என்பது அவனுக்கு உறைத்தது. மாமாங்கம் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

போதகர் அலுமாரியையும் அவனையும் பார்த்தார். அந்த வரியை வெட்டினார். முன்பு எழுதியதை அப்படியே விட்டார். ஜெபரட்ணம் கையெழுத்து வைத்தான். எலன் மிச்சப் பாணைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

கிருபாமலரும் ஹன்னாவும் பிறகு வந்து சேர்ந்தார்கள். கடிதத்தாலா, காலத்தாலா, தெரியாது. ஞாயிறுகளில் தேவாலயத்தில் மூன்று பேரும் கடைசி வாங்கில் இருப்பார்கள். முடிந்ததும் அவன் முதல் ஆளாக வெளியே நிற்பான்.

"எல்லாரும் நிண்டு கோப்பி குடிக்குதுகள், நீங்க மட்டும் ஏன் ஓடுறீங்க?" என்று அவள் கேட்பாள்.

வேலை இருக்கு என்பான். ஞாயிற்றுக்கிழமை ஆலை பூட்டு என்பது அவளுக்கும் தெரியும்.