பிரஸ் ஷாப் ஆட்கள் ஆடிய ஐரிஷ் நடனம்

நான் ஆடினால் பார்ப்பவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசர் நான். என் தொந்தி எனக்கு அரை நிமிடம் முன்னதாகவே ஷிஃப்டுக்குள் நுழைந்துவிடும். அப்பேர்ப்பட்டவன் ஆண்டு விழாவில் ஐரிஷ் நாட்டுப்புற நடனம் ஆடினேன், நம்புங்கள்.

புது மெஷின் நிறுவ அயர்லாந்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தார்; எங்களுக்கு அவர் மேடம். அவருடைய அம்மா அங்கே ஊராருக்கு நடனம் கற்றுக்கொடுப்பவர். மண்தரை வீட்டில் கதவைக் கழற்றிக் கீழே போட்டு, சத்தம் எழும்ப அதன்மேல் ஆடிய பரம்பரையாம். விழாவுக்கு எங்களில் எட்டுப் பேரைப் பழக்கினார். அம்மா போனில் நேரலையாகப் பார்க்கப்போகிறார். கோமாளித்தனமாகி அவர் மனம் நோகக்கூடாதே என்பதுதான் மேடத்தின் ஒரே கவலை. எங்களைப் பார்த்தால் யாருக்கும் அந்தக் கவலை வரும்.

கால் ஒருவழியாகப் பழகிவிட்டது. கைதான் வம்பு செய்தது. இந்த ஆட்டத்தில் கைகள் உடம்போடு ஒட்டி அசையாமல் இருக்க வேண்டும். நாங்களோ மேளம் கேட்டாலே கையைத் தூக்குகிறவர்கள். எட்டில் ஒருவரான, போச்சம்பள்ளியிலிருந்து வரும் ஆபரேட்டர்தான் வழி சொன்னார்.

"சார், பிரஸ்ல நிக்கிறதா நெனச்சுக்கங்க. ரெண்டு கையும் ரெண்டு பட்டன் மேல. எடுத்தா மெஷின் நின்னுடும்."

அன்றே எட்டு ஜோடிக் கைகளும் அடங்கின.

மேடை சிமெண்ட்; சத்தம் எழாது. அதனால் சரக்கு அடுக்கும் மரப் பேலட்டுகளைப் பரப்பி பிளைவுட் அடித்தோம். காலில் இரும்பு முனை சேஃப்டி ஷூ. பலகை இடியாக அதிர்ந்தது. ஆனால் ஒத்திகையில் கேட்காத அந்தத் தடதடப்பில், எங்கள் உடம்பு இது பிரஸ் ஷாப்தான் என்று நம்பிவிட்டது. இசையின் முதல் சுற்று முடிந்ததும், பிரஸ் ஒருமுறை அடித்து ஓய்ந்ததுபோல எட்டுப் பேரும் குனிந்து, இல்லாத பீஸை எடுத்து, இல்லாத ட்ரேயில் போட்டுவிட்டுக் கையைத் திரும்பப் பட்டனுக்குக் கொண்டுபோனோம். நான் மட்டும் ஒரு நொடி தாமதம். சூப்பர்வைசரான பிறகு வேலை மறந்துபோச்சு. கீழே இருந்த ஆபரேட்டர்கள் விசில் பறக்கவிட்டார்கள். அடுத்தடுத்த சுற்றிலும் அதேதான். நிறுத்த யாராலும் முடியவில்லை.

இறங்கியபோது மேடத்தின் முகம் வெளிறியிருந்தது. போனை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் அந்த அம்மா சிரிக்கவே இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையமர்த்தி ஏதோ சொல்ல, மேடம் எங்களுக்குப் புரியும்படி விளக்கினார்: அவர்கள் நாட்டில் பகுதிக்குப் பகுதி ஆட்டம் மாறுமாம், ஆடுகிறவரைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடலாமாம். அந்தக் கை அசைவு எந்த ஊர் வழக்கம் என்று அம்மா கேட்கிறார்.

"ஓசூரும்மா," என்றார் போச்சம்பள்ளி ஆபரேட்டர், தமிழிலேயே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. தொந்திகூடக் கொஞ்சம் உள்ளே போனது.

அந்த அம்மா போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தன் சமையலறை நடுவில் நின்று காலைத் தட்டினார். சுற்று முடிந்ததும் குனிந்து பீஸை எடுத்தார்.

"ட்ரே இன்னும் கொஞ்சம் லெஃப்ட்லம்மா," என்றேன்.

மேடம் அதை எடுத்துச் சொன்னதும், அந்த அம்மா இடப்பக்கம் மாற்றிப் போட்டார்.