இடுப்பளவு எடுக்க வந்தவள்

சர்க்கரை நோயைப் பற்றி ஆராய்ச்சி என்று வெண்ணந்தூரில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வந்தாள். நல்ல உயரம். எதையும் எழுதுமுன் பேனாவால் மூக்கை இரண்டு தட்டுத் தட்டுவாள். அப்போது எனக்கு உள்ளங்கால் மரத்துப்போய் ஆறு மாதம். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

என் இடுப்பில் டேப்பைச் சுற்றியவள், மூக்கைத் தட்டிக்கொண்டு, "இந்த ஒடம்புக்கு இத்தனை வராதுங்களே" என்றாள். மடியில் செருகியிருந்த வெற்றிலைச் சுருக்குப்பையை மெல்ல எடுத்துக் காட்டினேன்.

"ஏனுங்கம்மா, இதையுஞ் சேத்தியா அளந்தேன்?" என்று தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே கால் சங்கதியைச் சொல்லிவிட்டேன். "சக்கரையா இருக்காது அம்மணி. தறி மிதிக்கிற ஒல்லிக்குச்சி நான். அது தடிச்சவங்க நோவு."

"அது வெள்ளைக்காரங்க ஒடம்பப் பாத்துப் போட்ட கணக்குங்க. நம்ம சனத்துக்கு ஒல்லியா இருந்தாலும் வருமுங்க. வெரலக் குடுங்க."

சர்க்கரை இருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், காலும் கொஞ்சம் தேவலை. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவளை நினைத்தால் எனக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்றுதான் தெரியவில்லை.