கதை கேட்ட பிள்ளைகளும் கங்காவின் பரீட்சையும்

கங்கையம்மாள் என்பது பேர். நாங்கள் கங்கா என்றுதான் கூப்பிடுவோம். மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பெண் அவள். மற்ற பிள்ளைகள் மழையைச் சாக்கு வைத்து வீட்டில் சுருண்டுகொள்ளும். இவள் அன்றைக்குத்தான் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வருவாள். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, மணி அடித்துக்கொண்டிருந்தேன். வருஷம் அறுபத்தாறோ அறுபத்தேழோ, அவள் அப்போது எட்டாவது.

அவள் அப்பா கோதண்டபாணி பட்டுப்புடவை நெய்கிறவர். கோர்வைப் புடவைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்யும்போதே இரண்டையும் கோத்துக்கொண்டு போக வேண்டும், அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம். அவர் சொல்லச் சொல்லக் கரைக்கு இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளுகிறவர் இன்னொரு பக்கம். அந்தப் பக்கம் அவள் அம்மா ஜெயம்மாள்தான் உட்கார்ந்திருந்தாள். வாதம் வந்து ஜெயம்மாளுக்கு வலது கை விழுந்துபோனது. கங்கா போய் உட்கார்ந்தாள். மழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், ஈரத்தில் இழை ஒட்டிக்கொள்ளும், தறி நிற்கும். தறி நின்றால்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம்.

எட்டாவதுக்கு அரசாங்கப் பரீட்சை உண்டு. அதில் தேறினால் பால்வாடியில் டீச்சராகப் போகலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்த ஆசையில்தான் அத்தனை ஓட்டம்.

ஒரு மழை நாளில் குமாரசாமி வாத்தியார் பாடத்தை மூடி வைத்துவிட்டு ஒரு கதை படித்தார். எனக்கு எழுத்து தெரியாது, காது நன்றாகக் கேட்கும். கதவோரம் நின்றேன். ஒரு பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். வேலைக்காரியின் மகள் சன்னலுக்கு வெளியே நின்று சாயங்காலம் முழுக்க வேடிக்கை பார்க்கிறது. உள்ளே வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. விளக்கை அணைத்ததும் அது தன்பாட்டுக்கு நடந்து போகிறது. அவ்வளவுதான் கதை.

காந்தா அழுதுவிட்டாள். பட்டும் ஜரிகையும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குகிற முதலாளி தணிகாசலத்தின் பெண் அவள். கங்காவின் அப்பா நெய்வதும் அவருக்குத்தான்.

“நானா இருந்தா உள்ள இட்டாந்து என் பட்டுப்பாவாடையக் குடுத்துடுவேன் சார்.”

“அப்புறம் நீ இன்னாத்த கட்டிக்கினு நிப்ப?” என்றான் ராஜகோபால். வகுப்பே சிரித்தது.

கங்கா எழுந்தாள். “சார், அந்தப் பொண்ணு ஏழையா சார்?”

“ஆமாம்மா.”

“சாயங்காலம் முச்சூடும் சும்மா நின்னுக்கினு இருந்துச்சே சார். யாரும் அத்த வேலைக்குக் கூப்புடலியா?”

பிள்ளைகள் மறுபடி சிரித்தன. வாத்தியார் சிரிக்கவில்லை. கிட்டே கூப்பிட்டுக் கேட்டார். விடிவதற்கு முன்னால் தறியில் உட்காருவதையும், மழைக்காகக் காத்திருப்பதையும் அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

“மார்கழி போனா மழை கிடையாதும்மா. வருகை குறைஞ்சா பரீட்சைக்கு உட்கார விடமாட்டாங்க” என்றார் வாத்தியார்.

காந்தாதான் முதலில் சொன்னாள். “அவ எடத்துல நாங்க போய் உக்காருறோம் சார். ஒரு நாளைக்கு ஒருத்தரு. அவ ஸ்கூலுக்கு வரட்டும்.”

“கணக்குப் பரீட்ச அன்னிக்கு என் மொற!” என்று ராஜகோபால் கையைத் தூக்கினான்.

வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோதண்டபாணியிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“நாடா தள்றது கோலி ஆடுறதில்ல சார். ஒரு எடம் தப்புனா கரை பிரிஞ்சிக்கும்.”

மூலையில் கிடந்த ஜெயம்மாள் பேசினாள். “எனக்குக் கை போச்சி, நான் கெடக்கறேன். அவளுக்கு இன்னா போச்சின்னு அவளையும் உக்கார வச்சிக்கினு இருக்கற?”

கோதண்டபாணி கரை நாடாவை எடுத்துப் பிள்ளைகள் பக்கம் நீட்டினார்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. ஒவ்வொரு பிள்ளையாகப் போய் உட்கார்ந்து வசவு வாங்கிக்கொண்டு வந்தது. “கண்ணு எங்கடா இருக்குது? பிரி, பிரி!” என்று தப்பிய இடத்தையெல்லாம் அந்த நிமிஷமே பிரிக்க வைப்பார். “எங்கப்பனே தேவலாம்பா” என்று ராஜகோபால் காதைத் தடவிக்கொண்டு வந்தான். கங்கா வெயில் அடிக்கிற நாளிலும் பள்ளிக்கூடம் வந்தாள். ரிப்பன் கட்டிக்கொண்டு முதல் பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

பிறகு காந்தாவின் முறை வந்தது. வீட்டில் சொல்லாமல்தான் போனாள். ஆசையாகத் தள்ளினாள். தப்புத்தப்பாகத் தள்ளினாள். கோதண்டபாணி பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற பிள்ளைகளைத் திட்டிய வாய் முதலாளி பெண்ணைத் திட்ட வரவில்லை. பிரி என்று சொல்ல முடியவில்லை. “நல்லா இருக்குதும்மா” என்றார். அவள் போனபிறகு தானே பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். அதற்குள் இழை இறுகிவிட்டது. தொட்டால் அறுகிறது. அப்படியே சுருட்டிவிட்டார்.

புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றைக்கு நடந்ததை காந்தா என்னிடம் தேம்பித் தேம்பிச் சொன்னாள். தணிகாசலம் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். கரை சேருகிற இடத்தில் வெயில் தெரிந்ததாம்.

“இன்னா கோதண்டம் இது?”

“கை தவறிப்போச்சி மொதலாளி. கூலியில புடிச்சிக்கிங்க.”

அதோடு போயிருக்கும். இந்தப் பெண் உள்ளேயிருந்து ஓடி வந்து, “அப்பா, அவரு இல்ல, நான்தான் தள்ளுனேன்” என்றிருக்கிறாள்.

“என் பொண்ண உன் தறியில உக்கார வச்சியா? நான் பட்டு குடுக்கறேன், நீ என் பொண்ணயே கூலிக்காரி ஆக்கிட்டியா?”

மறுநாள் ஆள் வந்து தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த பட்டுப் பாவு நூலை அறுத்துக்கொண்டு போனான். வேறு எந்த முதலாளியும் கோதண்டபாணிக்குப் பாவு கொடுக்கவில்லை. குமாரசாமி வாத்தியார் போய்க் கெஞ்சினார். “கதை படிச்சது போதும், பாடத்தைப் படிங்க சார்” என்று அனுப்பிவிட்டார் தணிகாசலம். காந்தாவை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பிள்ளைகளால்தான் அந்தக் குடும்பம் கெட்டது என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கதையைக் கேட்டு அழுதுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோகாத பிள்ளைகள் அவை. அந்தப் பெண் நிஜத்தைச் சொன்னது குற்றமா?

கோதண்டபாணி வாலாஜாபாத் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார். கங்காவைச் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டுத் தறிக்குக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். அதே வேலை, அடுத்தவர் தறி.

பரீட்சை வந்தது. வாத்தியார் யார் யார் காலையோ பிடித்துப் பரீட்சைப் பட்டியலில் அவள் பேரை அடிக்காமல் வைத்திருந்தார். அன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, “எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்கம்மா” என்றார். ஓடினேன்.

கங்கா குனிந்து நாடா தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரி பொன்னியம்மாள் என்னைப் பார்த்ததுமே, “பேச்சு குடுக்காதம்மா, கரை வுட்டுடும்” என்றாள்.

“கங்கா, பேனாவுக்கு மை ஊத்திக்கினு வாத்தியாரு வாசல்லயே நிக்கிறாரு. வா கண்ணு.”

“தோ ஆயா, கரையில இந்தப் பூவு முடியட்டும்.”

அந்தப் பூ முடிந்தது. நெய்கிறவர் நிறுத்தவில்லை, அடுத்த பூவைப் பிடித்துவிட்டார்.

“காலையில மட்டும் வுடுங்கப்பா” என்று அவரிடம் கேட்டேன். “இன்னிக்கி வுட்டா நாளைக்கும் பரீட்சம்பீங்க” என்றார் தலை தூக்காமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். நாடா கீழே விழுந்தது. கங்கா முதலில் அதைத்தான் எடுத்தாள். இழை அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். அறவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“போயிடு ஆயா. இங்கயும் வாணாம்னுட்டா அம்மாவுக்கு நான் எங்க போயி கஞ்சி வாங்குவேன்?”

நான் திரும்பி வந்தபோது கேள்வித்தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். வாத்தியார் வாசலில் நின்றபடி, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். உள்ளே ராஜகோபால் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை என்று கையை ஆட்டினேன். அவன் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.