விருந்தாளியின் தோல்

என் கணவரைக் கடைக்கு அனுப்பினால் ஒரு டப்பா தயிர் வாங்கக் கால் மணி நேரம் ஆகும். முட்டைகூடத் தொடாத குடும்பம் எங்களுடையது. திருநெல்வேலியை விட்டு டெக்ஸஸில் டாலஸ் பக்கம் குடியேறிய நாளிலிருந்து, அந்தச் சைவத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதையும் அவர் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். டப்பாவைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பொடி எழுத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பார். தயிரில் எலும்பைக் காய்ச்சி எடுக்கிற ஜெலட்டின் இருக்கிறதா, பிஸ்கட்டில் மிருகக் கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்ட்டில் போடுவார். மெக்சிகன் ஓட்டலில் பீன்ஸ் கேட்டால், பரிமாறுகிற பெண்ணிடம் இதில் லார்ட், அதாவது பன்றிக் கொழுப்பு உண்டா என்று கேட்பார். இல்லை என்பாள். சமையல்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறாயா என்பார். நான் மெனு அட்டைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொள்வேன்.

எங்கள் மகளுக்கு இது விளையாட்டு. அவள் எழுத்துக் கூட்டப் பழகியதே கடையில்தான் என்று சொல்லலாம். அவர் ஒரு பாக்கெட்டை எடுப்பார், அவள் ஒன்றை எடுப்பாள். யார் முதலில் ஜெலட்டினைக் கண்டுபிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. "காட் இட், அப்பா!" என்று அவள் போடுகிற சத்தம் மூன்று வரிசை தள்ளி நிற்கிற எனக்குக் கேட்கும். அப்பாவுக்கும் மகளுக்கும் அப்படி ஒரு கூட்டணி. அதில் எனக்குக் கொடுத்திருந்த பதவி, கார்ட் தள்ளுவது.

2006 டிசம்பரில் எங்களுக்கு கிரீன் கார்டு வந்தது. வருடக்கணக்காகக் காத்திருந்த காகிதம். நான் பாயசம் வைத்தேன். அவர் காரை எடுத்துக்கொண்டு நேராக ஃபோர்ட் வொர்த் போய் ஒரு ஜோடி கௌபாய் பூட்ஸ் வாங்கி வந்தார்.

"இனிமே நானும் டெக்ஸன்தான்," என்று சமையலறையில் டொக் டொக்கென்று நடந்து காட்டினார். பூட்ஸ் அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. தேன் நிறம், நல்ல மினுமினுப்பு, மேலெல்லாம் பாசிமணி கோத்த மாதிரி பொடிப் பொடிச் செதில்.

"என்ன தோலுங்க இது?"

"எக்ஸாட்டிக் லெதர்."

"அப்படின்னா?"

"அப்படின்னா ரொம்ப நாள் உழைக்கும்."

விலையைக் கேட்டேன். பாயசம் பிரமாதம், இன்னொரு டம்ளர் ஊற்று என்றார். அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள்ளேயும் அதைக் கழற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வேட்டியும் பூட்ஸுமாக நின்று தோசைக்குச் சட்னி அரைத்தார். "சவத்தக் கழட்டுங்க, கீழ் அப்பார்ட்மென்ட்காரன் கதவத் தட்டப் போறான்," என்று கத்திப் பார்த்தேன். மகள் தரையில் உட்கார்ந்து அந்தச் செதில்களைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

அவள் அப்போது மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஒரு லெப்பர்ட் கெக்கோ வளர்த்தார்கள். நம் ஊர்ப் பல்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை, வசதியான இடத்தில் வாக்கப்பட்டவள். குளிர்கால விடுமுறைக்கு அதை ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். என் மகள் பெயர் வந்தது. ஊரிலே சுவரில் பல்லி கத்தினாலே பஞ்சாங்கத்தில் பலன் பார்த்த பரம்பரை நாங்கள், இங்கே அதற்குக் கண்ணாடி வீடும் அடியில் ஹீட்டரும் வைத்துச் சீராட்ட வேண்டுமா என்று எகிறினேன். மகள் என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். முடிந்தது விஷயம்.

விடுமுறை தொடங்கிய அன்று மூவரும் பள்ளிக்குப் போனோம். கண்ணாடித் தொட்டியை அவர் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். உள்ளே கெக்கோ, மஞ்சள் உடம்பும் கறுப்புப் புள்ளிகளுமாக, எதையோ நினைத்துச் சிரிக்கிற வாயோடு படுத்திருந்தது. பெண் கெக்கோ என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். டீச்சர் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெக்ஸஸ். அவர் பார்வை தொட்டியிலிருந்து மெல்ல இறங்கி என் கணவரின் காலுக்கு வந்தது.

"அடடா, என்ன அழகான பூட்ஸ்! லிசர்டா?"

"யெஸ் மேம்," என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "ஜென்யுவின் லிசர்ட்."

மகள் தொட்டியைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். திரும்பவும் தொட்டியைப் பார்த்தாள். அது பல்லித் தோல் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

காரில் ஏறியதும் மகள் ஆரம்பித்தாள். நாங்கள் தமிழில் எது கேட்டாலும் அவள் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"அப்பா, எல்லாரிடமும் லார்ட் இருக்கா என்று கேட்பீங்களே. இதுக்குக் கேட்டீங்களா?"

"அது வேற லிசர்ட்மா. பெரிசு. சவுத் அமெரிக்கால இருக்கும், டேகுன்னு பேரு. அதுவுமில்லாம இது சாப்பிடற ஐட்டம் இல்லையே. ஷூ தானே?"

"ஷூ இல்லை. லிசர்ட்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சண்டை போட்டால்கூடச் சமாளித்திருப்பார். இவள் மரியாதையாக, கேட்டதற்கு மட்டும் "ஓகே" என்றாள். அந்தச் சனிக்கிழமை கடையில் அவர் ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய் பாக்கெட்டை எடுத்து அவள் முன்னால் ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அதில் ஜெலட்டின் இருக்கும். அவள் என் பக்கத்தில் வந்து கார்ட்டைப் பிடித்துக்கொண்டாள். பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டு அவர் நின்ற நிலையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இதற்கு நடுவில் விருந்தாளிக்குச் சாப்பாடு போட வேண்டும். கெக்கோ சாப்பிடுவது உயிருள்ள சில்வண்டுப் பூச்சிகளை. கிரிக்கெட் என்று பெயர், பெட் ஸ்டோரில் டப்பாவில் கிடைக்கும். பீன்ஸுக்குச் சமையல்காரரை விசாரிக்கிற மனிதர், மகளின் முகத்துக்காகப் பூச்சி வாங்கப் போனார். வாங்கி வந்த டப்பாவை வைத்த இடம் சமையலறை மேடையின் ஓரம். நான் குக்கரை நகர்த்தியபோது அது தரையில் விழுந்து வாயைப் பிளந்தது. அடுத்த நிமிஷம் வீடெல்லாம் கிரிக்கெட். நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். அவர் வடிதட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பிடித்தார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் சோபாவில் புரண்டாள். அவரும் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். உடனே முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள். தப்பித்த ஒரு பூச்சி பூஜை அலமாரிக்குள் குடியேறி, நான் விளக்கேற்றும்போதெல்லாம் கூடவே பாடியது.

"அது பூச்சியைத் தின்கிறதே, அது மட்டும் பாவமில்லையா?" என்று நானும் மகளை மடக்கிப் பார்த்தேன். "அவளுக்கு அதுதான் சாப்பாடு. அப்பாவுக்குத்தான் வேறு ஷூ இருக்கே," என்றாள்.

ஒருநாள் மதியம் கம்ப்யூட்டர் முன்னால் அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பின்னால் போய் நின்றேன். பல்லித் தோல் எப்படி எடுக்கிறார்கள் என்று தேடியிருக்கிறாள். நாய்களை ஏவி வளையிலிருந்து விரட்டுவார்களாம். தடியால் அடிப்பார்களாம். ஊர்வனவற்றுக்கு உயிர் சீக்கிரம் போகாது, அடிபட்ட பிறகும் நெடுநேரம் உணர்வு இருக்கும், அதற்குள்ளாகவே சிலவற்றை உரித்துவிடுகிறார்கள் என்று போட்டிருந்தது. படமும் இருந்தது. நான் எட்டி மானிட்டரை அணைத்தேன். குழந்தை இதையெல்லாம் பார்த்துவிட்டதே என்று முதலில் பதறினேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. எவன் மேல் என்று தெரியாத கோபம். கைக்கு எட்டிய ஆள் என் கணவர்தான்.

"நான் போய்க் கொன்னேனா? கடையில இருந்துச்சு, வாங்கினேன்," என்றார் அவர்.

"கோழியும் கடையிலதாங்க இருக்கு," என்றேன்.

ஆனாலும் ஆண்பிள்ளை ரோஷம். மறுநாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் வெளியே போனார். டொக் டொக் சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது, மெதுவாகக் காலை வைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

விடுமுறை முடிய சில நாட்கள் இருக்கும்போது கெக்கோ வெளுத்துப் போனது. மஞ்சள் மங்கி, உடம்பெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி. பூச்சியைக் கண் முன்னால் விட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் தேம்பித் தேம்பி அழுதாள். பள்ளிக்கூடத்துப் பிராணியைக் கொன்ற குடும்பம் என்று பெயர் வாங்கப் போகிறோம் என்று நானும் புலம்பினேன். அவர்தான் நெட்டில் படித்துவிட்டு வந்து சொன்னார், "சாகலை. தோல் உரிக்குது. அதுவா உரிச்சுக்கும், யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம்."

மூவரும் தொட்டியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். ஒரு கல்லில் மூக்கைத் தேய்த்து, முகத்தில் தோலைக் கிழித்து, நாம் ஸ்வெட்டரைக் கழற்றுவதுபோல அது தன்னைக் கழற்றிக்கொண்டது. கழன்றதை வாயால் இழுத்து இழுத்து விழுங்கியது. உள்ளேயிருந்து புத்தம்புது மஞ்சள் வெளியே வந்தது. மகள் கைதட்டினாள். அப்புறம் தொட்டியை நெருங்கிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். முன்னங்காலின் ஒரு விரலில் மட்டும் பழைய தோல் இறுக்கமாக ஒட்டியிருந்தது. அப்படியே விட்டால் விரல் இற்று விழுந்துவிடும் என்று அவர் படித்திருந்தார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊற வைத்து, பஞ்சுக் குச்சியால் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும். என் கை மேல் எனக்கு நம்பிக்கையில்லை. மகள் கெக்கோவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள்.

"மெதுவா, அப்பா." இரண்டு வாரத்தில் அவளாக அவரிடம் சொன்ன முதல் வார்த்தை. அதுவும் தமிழில்.

அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார். தயிர் டப்பாவை வாசிக்கிற அதே கவனம். முதல் தடவை கொஞ்சம் இழுத்துவிட்டார். கெக்கோ வாயைத் திறந்து கீச்சென்று கத்தியது. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. சுடு பாத்திரத்தைத் தொட்டதுபோல அவர் கையை எடுத்தார். "ஐயோ, தெரியாமப் பண்ணிட்டேம்மா, தெரியாமப் பண்ணிட்டேன்," என்று பல்லியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஊற வைப்பதும் தடவுவதும் காத்திருப்பதுமாக உட்கார்ந்தே இருந்தார். நான் இரண்டு தடவை தண்ணீரைச் சூடு பண்ணி மாற்றினேன்.

கடைசியில் வந்தது. ஒரு கையுறையின் ஒற்றை விரல் மாதிரி, வெள்ளையாக, ஒரு அரிசியைவிடச் சின்னதாக. அவர் அதைத் தன் விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத்துனூண்டு," என்றார். "இதுக்கே அந்தக் கத்து கத்துச்சு."

வாசல் பக்கம் செருப்பு ஸ்டாண்டில் பூட்ஸ் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்கப் பாடுபடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு விரலில் ஆரம்பித்து முழு உடம்புக்கும் அவர் மனசு கணக்குப் போடுவது முகத்தில் அப்படியே ஓடியது. இத்தனை நாள் நான் கத்தியதெல்லாம் வீண், ஒரு கீச்சில் புரிந்துவிட்டது மனிதருக்கு.

பேச்சை மாற்ற, "இதை ஒரு டப்பாவில் போட்டுத் தரவா? ஸ்கூலில் காட்டலாமே," என்றார் மகளிடம்.

"வேண்டாம். அது அவளோடது. அவகிட்டயே கொடுங்க."

அவர் கெக்கோவைத் தொட்டிக்குள் இறக்கி, அந்தத் துணுக்கை அதன் முன்னால் வைத்தார். அது ஒரு தடவை நக்கிப் பார்த்துவிட்டு விழுங்கியது. விழுங்கிவிட்டுத் தன் கண்ணையும் ஒரு நக்கு நக்கிக்கொண்டது. மகள் சிரித்தாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பூட்ஸ் மறுநாள் அதன் பெட்டிக்குள் போனது. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன், கொடுத்தால் அவன் போடுவானே என்றார். குப்பையில் போடவும் அவருக்கு மனசு வரவில்லை. இரண்டு வீடு மாறியும் அந்தப் பெட்டி எங்கள் அலமாரியின் மேல்தட்டில்தான் இருக்கிறது.

பள்ளி திறந்த அன்று தொட்டியை ஏந்திக்கொண்டு அவர்தான் முன்னால் போனார், காலில் பழைய கான்வாஸ் ஷூ. டீச்சர் கெக்கோவை எடுத்து விரல் விரலாகப் பார்த்து, எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். பிறகு கீழே பார்த்தார்.

"அந்த அழகான பூட்ஸ் எங்கே?"

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"அது அப்பாவோடது இல்லை."

இரவல் பூட்ஸ் போலிருக்கிறது என்று நினைத்து டீச்சர் தலையாட்டினார். நாங்களும் விளக்கப் போகவில்லை. அன்று மாலை கடைக்குப் போனபோது அவர் ஒரு பாக்கெட்டை எடுத்தார், அவள் ஒன்றை எடுத்தாள். நான் கார்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தயிர் வாங்க அரை மணி நேரம் ஆனது.