எட்டு இடது, ஒன்பது வலது

வாங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அடிப்பாகம் பிரிந்தாலோ, உள்ளே தண்ணீர் புகுந்தாலோ, ஜோடியின் இரண்டு காலணிகளையும் ரசீதோடு அனுப்பினால் புதிய ஜோடி தரப்படும். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் ஏழாவது நிபந்தனை இப்படித்தான் சொல்கிறது. என் விஷயத்தில் செல்லுபடியாகியிருக்க வேண்டிய விதியும் இதுதான்.

நான் புதுச்சேரி அரசாங்கத்தில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆஸ்பத்திரிக் கட்டில், பள்ளிக்கூட பெஞ்சு, மின்விசிறி என்று எதை வாங்கினாலும் அதன் வாரண்டி வாசகம் என் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். எத்தனையோ கம்பெனிகளின் வாரண்டியில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறேன். அந்த அனுபவத்தோடு ஏழாவது நிபந்தனையைப் படித்தபோது நல்ல வரைவு என்றே தோன்றியது. ‘ஜோடியின்’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டேன்.

என் கால்கள் ஜோடி அல்ல. சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் இடது காலைக் கொஞ்சம் பின்தங்க விட்டுவிட்டது. இடது எட்டு, வலது ஒன்பது. இதனால் நடையில் கோளாறு எதுவும் இல்லை, செருப்புக் கடையில்தான் கோளாறு. ஒன்பதில் வாங்கி இடது முனையில் பஞ்சு அடைத்துக்கொள்வது என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நாள் நேரு வீதிக் கடையில் ஒரு காலைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெரியவர் விற்பனையாளரிடம் வழக்காடிக்கொண்டிருந்தார்.

“எனக்கு எடது ஒம்போது, வலது எட்டு. ரெண்டு பொட்டியத் தொறந்து ஒண்ணு ஒண்ணு எடுத்துக் குடுப்பா.”

“முடியாது சார். மிச்சம் ரெண்ட நான் யாருக்கு விக்கிறது?”

“என்னைப்போல எவனாவது வருவான்.”

“கடை தொறந்து இன்னி வரைக்கும் அப்படி ஒருத்தன் வரல சார்.”

“வந்தாச்சு,” என்றேன் நான்.

அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து தன் வலது சாக்ஸைக் கழற்றிக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது எங்கோ ஒரு மலையில் பனி தின்றுவிட்டதாம். பிரான்சின் பென்ஷன் வாங்கும் அவரைப் போன்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். நானும் அவரை மனதுக்குள் அப்படியே அழைத்து வந்தேன். நேரில், பிரெஞ்சு மரியாதைப்படி, அவருக்கு நான் முசியே, எனக்கு அவர் முசியே.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது கோல்ஃப் ஷூ. அது அந்தக் கடைக்கு எப்படி வந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. வேறு ஊருக்குப் போக வேண்டிய பெட்டிகள் வழி தவறியிருக்கலாம்.

“எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாதே,” என்றேன்.

“அதனால என்னா முசியே? ஷூ வாங்கிட்டீங்க இல்ல, இனிமே தெரிஞ்சிடும்.”

ஒன்பதாம் அளவு ஜோடி என் பெயரில், எட்டாம் அளவு அவர் பெயரில். ரசீதைத் தனித்தனியாகப் போடச் சொன்னது நான்தான். கடைக்குள்ளேயே ஆளுக்கு ஒன்றை மாற்றிக்கொண்டோம். என் இடது காலில் அவருடைய எட்டு, அவருடைய இடது காலில் என்னுடைய ஒன்பது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பஞ்சு இல்லாமல் கடையை விட்டு இறங்கினேன். மனைவி இறந்த பிறகு எனக்கு நடந்த நல்ல காரியம் எது என்று யாராவது கேட்டால், இதைச் சொல்ல வெட்கமாக இருக்கும். யாரும் கேட்கவில்லை.

கனகசெட்டிக்குளம் தாண்டி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், சவுக்குத் தோப்பை வெட்டி ஒருவர் ஒன்பது குழி மைதானம் போட்டிருந்தார். ஓட்டல் கட்டுவதாக இருந்து பணம் தீர்ந்து, புல் மட்டும் மிஞ்சிய இடம். வியாழக்கிழமை தோறும் விடிகாலையில் சொல்தாவின் காரில் போவோம். அவர் அடித்தால் பந்து போகும். நான் அடித்தால் புல் போகும். ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஒருவர் அட்டையில் மற்றவர் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி. தன் கணக்குக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது. என் அலுவலகத்தில் கூட இவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை.

கோல்ஃப் ஷூ எத்தனை நாள் வரவேண்டும் என்பதில் எங்களுக்கு ஓயாத தகராறு. வாரம் ஒரு ஆட்டம் என்றால் இரண்டு மழைக்காலம் தாண்ட வேண்டும், நடுவில் ஒரு தடவை அடியில் இருக்கும் பிளாஸ்டிக் முள்ளை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அதற்கேற்ப நடந்தேன். சிமெண்டில் கால் வைக்கமாட்டேன், மைதானம் வந்த பிறகே மாட்டுவேன், வீட்டுக்கு வந்ததும் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துவேன். சொல்தா வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு வருவார், டீக்கடை வாசலில் டக் டக்கென்று நடப்பார், ஈரத்தோடு கார் பானெட்டின் மேல் வெயிலில் வைப்பார்.

“செத்துப்போன மாட்டுத் தோல் முசியே. அதுக்கு எதுக்கு இவ்ளோ வைத்தியம்?”

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு அவருடைய மகள் பிரான்சிலிருந்து வந்து அழைத்துப் போனாள். இரண்டு மாதம் என்று பேச்சு. குருசுக்குப்பம் பக்கம் இருந்த அவர் வீட்டைப் பற்றி அண்ணன் பிள்ளைகளோடு ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொல்லையிலிருந்து கொஞ்ச நாள் தள்ளியிருக்கட்டும் என்று மகள் நினைத்தாள். கிளம்பும் நாளில் மகளின் விலாசத்தை ஓர் ஆட்ட அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். ஷூவையும் எடுத்துக்கொண்டார்.

“அங்க ஆடறதுக்கா?” என்று கேட்டேன்.

“இங்க வெச்சிட்டுப் போனா நீங்க நெழல்ல காய வெச்சே கொன்னுடுவீங்க.”

முதலில் வாரம் ஒரு தடவை பேசினார். அப்புறம் எப்போதாவது. அப்புறம் நான் அனுப்பும் காலை வணக்கங்களுக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது, இரண்டாவது விழவே இல்லை. நான் பஸ்ஸில் போய்த் தனியாக ஆடினேன். அட்டையில் கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் கணக்கு எழுதுவதை விட்டுவிட்டேன்.

மைதானத்துக் காவலாளி ஒரு நாள் கேட்டார். “கூட ஒருத்தரு வருவாரே சார், சத்தமா பேசிக்கினு?”

“பிரான்சு போயிருக்காரு.”

“வந்துடுவாரு இல்ல?”

“வந்துடுவாரு.”

“அவரு வந்தா சொல்லுங்க சார். பந்து பொறுக்கி வச்சிருக்கேன், அவருக்குன்னு.”

ஐப்பசி மழையில் என் வலது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் வாய் பிளந்தது. இவ்வளவு வைத்தியம் பார்த்தும். இரண்டு ஆண்டு முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மார்க்கெட் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் எடுத்துப் போனேன், பிளவு எவ்வளவு ஆழம் என்று பார்க்க.

“ஒட்டிட்டா முடிஞ்சிது சார். குடுங்க.”

“ஒட்டக்கூடாது. ஒட்டினா வாரண்டி போயிடும்.”

“அப்புறம் எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?”

நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்து கம்பெனியின் சேவை எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். படம் எடுத்து அனுப்பச் சொன்னாள், அனுப்பினேன்.

“சார், ரெண்டு ஷூவும் வேற வேற சைஸ் காட்டுதே சார்.”

“என் காலும் அப்படித்தாம்மா காட்டுது.”

“இல்ல சார், ஜோடியா இருந்தாத்தான் சிஸ்டம் எடுக்கும். ஒன்பதோட லெஃப்ட் எங்க சார்?”

“பிரான்ஸ்ல.”

“லைன்ல இருங்க சார்” என்றாள். அவளுக்கு மேலே இருந்தவர், அவருக்கும் மேலே குறைதீர்ப்பு அதிகாரி என்று படிப்படியாக ஏறினேன். குறை தெரிவிக்கப்பட்ட தேதிதான் கணக்கு, பொருள் வந்து சேரும் தேதி அல்ல என்று ஒப்புக்கொள்ள வைத்தேன். இடது ஒன்பது வந்து சேரும் வரை என் புகாரை மூடுவதில்லை என்று எழுத்தில் வாங்கினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வெற்றி கிடைத்ததில்லை.

இனி சொல்தாவுக்கு எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது இதுதான். ஷூ இல்லாவிட்டால் வெறும் காலோடு புல்லை வெட்டிவிட்டுப் போவேன், அது பெரிய காரியமில்லை. ஆனால் பதில் போடாத ஒரு மனிதருக்கு எதைச் சொல்லி எழுதுவது? காரணம் இல்லாமல் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இப்போது மறுக்க முடியாத காரணம் கையில் இருந்தது. இதற்கு அவர் பதில் போட்டே ஆக வேண்டும். போடவில்லை என்றால், போட ஆள் இல்லை என்று அர்த்தம்.

தட்டச்சு செய்தேன். பொருள்: கோல்ஃப் காலணி, இடது, அளவு ஒன்பது, திருப்பி அனுப்பக் கோருதல். பார்வை: ரசீது, நிபந்தனை ஏழு. மேற்படி காலணி தங்கள் வசம் இருப்பதால் அனுப்பிவைக்குமாறும், மாற்று ஜோடி கிடைத்ததும் புதிய இடது ஒன்பது தங்களுக்கே அனுப்பப்படும் என்றும், பதினைந்து தினங்களுக்குள் ஆவன செய்யுமாறும். இணைப்பு: இரண்டு நகல்கள். பெரிய தபாலாபீசில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். போய்ச் சேர்ந்தது என்று கணினியில் காட்டியது. அத்தோடு சரி.

பொங்கல் வந்தது, மாசி மகம் வந்தது. மகத்தன்று கடற்கரையில் சாமிகளெல்லாம் வரிசையாக இறங்கின. கூட்டத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பெனியிலிருந்து மாதம் ஒரு மின்னஞ்சல் தவறாமல் வரும். தங்கள் புகார் நிலுவையில் உள்ளது, தங்கள் பொறுமைக்கு நன்றி. ஆண்டுக்கணக்கில் நிலுவைக் கோப்புகளைத் தீர்த்து வைத்தவன் நான். இந்த ஒரு கோப்பை மட்டும் யாரும் தீர்த்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தேன். சித்திரையில் அந்தப் பெண் கூப்பிட்டு, “கஸ்டமர் சைடுல அப்டேட் இல்லன்னா க்ளோஸ் பண்ணிடலாமா சார்?” என்றாள்.

“வேண்டாம்மா. இருக்கட்டும்.”

“சரி சார், இருக்கட்டும்,” என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அதற்காக அவளுக்கு அன்று நான் கொடுத்த மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.

வெயில் காலம் முழுவதும் மைதானத்துக்குப் போகவில்லை. வாய் பிளந்த ஷூவும் அதன் எட்டாம் நம்பர் தோழனும் பெட்டியில் செய்தித்தாளோடு இருந்தன. அவ்வப்போது தாளை மட்டும் மாற்றினேன்.

பிறகு ஒரு காலை, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. தொடங்குவதற்கு முன் ஒரு இருமல். அந்த இருமலிலேயே ஆளைத் தெரிந்துவிட்டது.

“என்னா முசியே, உயிரோட இருக்கீங்களா? நான் இருக்கேன். என் போனு தண்ணீல விழுந்து போச்சி, இது பொண்ணோட நம்பரு. ஒங்க கடுதாசி இன்னிக்குத்தான் என் கைக்கு வந்திச்சி. அவ ஒளிச்சி வெச்சிட்டா. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மேல ரெண்டு வரி கோடு போட்டு, நம்பர் போட்டு, கீழ நகல் வேற. பாத்த ஒடனே அண்ணன் பசங்க அனுப்புன வக்கீல் நோட்டீசுன்னு நெனச்சிட்டா. எனக்கு நெஞ்சு வலி வந்ததுலேருந்து அந்த மாதிரி எதையும் கண்ணுல காட்டறதில்ல. கண்ணாடி தேடறப்போ நானே கண்டுபுடிச்சேன். ரெண்டு தரம் படிச்சேன் முசியே. எங்கியாவது எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்கன்னு பாத்தேன். காணோம்.”

இங்கே சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

“எடது ஒம்போது கேட்டிருக்கீங்க. ஒண்ண அனுப்பிட்டு இன்னொண்ண வெச்சிக்கினு நான் என்னா பண்றது? ரெண்டையும் அனுப்பிடறேன். டாக்டரு இனிமே பிளேன் ஏறாதேன்னுட்டாரு. இங்க ஒரு நாள் கூட போட்டுக்கல. வாசல்லியே கெடக்கு, கனகசெட்டிக்குளத்து மண்ணு இன்னும் அடியில அப்பிக்கினு. பொண்ணு கழுவறேன்னா, வேணாம்னுட்டேன். அனுப்பட்டுமா? சொல்லுங்க.”

இரண்டாம் தடவை கேட்டேன். பிறகு பழக்கத்தின்படி விதியைப் பொருத்திப் பார்த்தேன். நான்கும் வந்து சேர்ந்தால் எட்டில் ஒரு முழு ஜோடி, ஒன்பதில் ஒரு முழு ஜோடி. ஏழாவது நிபந்தனை எழுத்துப் பிசகாமல் நிறைவேறும். கம்பெனிக்கு ஒரு மறுப்பும் இருக்காது. எந்த ஜோடியும் அப்படியே எனக்குப் பொருந்தாது; கலைத்துப் போட்டுக்கொண்டால் மிச்ச இரண்டுக்கு இங்கே கால் இல்லை.

அனுப்ப வேண்டாம், வாசலிலேயே இருக்கட்டும் என்று எழுதினேன். அதற்குக் கீழே, எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதினேன். பொருளும் பார்வையும் இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும். கம்பெனிப் பெண்ணைக் கூப்பிட்டுப் புகாரை மூடிவிடச் சொன்னேன். பிறகு ஷூவை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன்.

“இப்ப ஒட்டலாமா சார்?” என்றார் செருப்புத் தைப்பவர்.

“ஒட்டலாம்.”

பசை காயும் வரை அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் அலுவலகம் போகும் அவசரம் எதுவும் இல்லை. அப்போதுதான் தேதி நினைவுக்கு வந்தது. பதில் வந்த நாள் ஆகஸ்ட் பதினாறு. பிரான்ஸ் இந்த ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன நாள் என்று புதுச்சேரி அரசு அலுவலகங்களுக்கு அன்று விடுமுறை.