குடிக்காத ஹுமாயூன்

முதுநகரைத் தாண்டிப் போனால், பம்பு பாகங்கள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. அங்கே ஹுமாயூனுக்கு வெகுகாலமாக ஒரே வேலைதான். கடைசல் மிஷினிலிருந்து வரும் இரும்புத் துண்டுகளைக் கூடையில் அடுக்கி, டி.சி.இ. என்கிற மருந்து கொதிக்கும் தொட்டிக்குள் இறக்க வேண்டும். அந்த ஆவி பட்டால் போதும், கிரீஸெல்லாம் வழிந்து ஓடிவிடும். துடைக்கக்கூட வேண்டாம், இரும்பு பளிச்சென்று வெளியே வரும். லேசாகத் தித்திக்கிற வாடை. தொட்டிக்கு மூடி ஒன்று இருந்தது. வேலை அவசரத்தில் அதை யார் போட்டார்கள்!

வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் அவருக்குக் கால் பின்னும். பேச்சு குழறும். கண் சிவந்து கிடக்கும். பார்க்கிற ஊர் சும்மா இருக்குமா? சாராயக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதரைக் குடிகாரன் என்று முடிவு கட்டிவிட்டது. ஒரு நாள் அந்தி மஃரிப் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவிலிருந்து எழுந்தவர் பக்கத்திலிருந்தவர் மேலேயே சாய்ந்துவிட்டார். ஜமாஅத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தையும் குழறிக் குழறிச் செய்தால் எவன் நம்புவான்?

விஷயம் மாமியார் வீடு இருந்த சிதம்பரத்துக்கு எட்டியது. மனைவி முபீனாவின் அண்ணன் அப்துல் வதூது கார் எடுத்துக்கொண்டு வந்து, தங்கையையும் மூன்று வயது மகள் ஷாசியாவையும் அழைத்துப் போய்விட்டார். தலாக் என்று ஒருவரும் சொல்லவில்லை. சேர்ந்து வாழவும் இல்லை. அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அந்த ஒன்பது வருடமும் மனிதர் தனிக்கட்டை. பெருநாள் தொழுகை முடிந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டித் தழுவுவார்கள் அல்லவா? இவரையும் தழுவுவார்கள். தழுவும்போதே மூக்கை இவர் தோளருகே கொண்டுவந்து, சத்தமில்லாமல் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். அது போதும், அவருக்கு உயிரே போய்விடும். பிறகு பிறகு, ஸலாம் கொடுத்த கையோடு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பக்கத்து வீட்டிலிருந்து வரும் பிரியாணியைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

இந்த வருடம், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் டி.சி.இ. கூடவே கூடாது என்று சொல்லிவிட்டான். பழைய தொட்டியைப் பெயர்த்துக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட்டார்கள். புதிதாக வந்த மிஷினில் வெறும் சுடுதண்ணீரும் சோப்புக் கரைசலும்தான். கழுவி, அலசி, சூடான காற்றில் உலர்த்த வேண்டும்; நேரம் ஜாஸ்தி பிடிக்கும், ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும். தொழிலாளிகள் முணுமுணுத்தார்கள். பாதுகாப்பு அதிகாரி பவானி அவர்களை உட்காரவைத்து, எதற்காக மாற்றினோம் என்று விளக்கினார். பழைய ஆவி தலைக்கு ஏறும், நடை தள்ளாடும், நாக்கு குழறும், குடிக்காதவனும் குடித்தவன் மாதிரிதான் இருப்பான் என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"மேடம், இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார் ஹுமாயூன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டார். மனசு நிறைய ஆத்திரம், அதற்கு மேல் சந்தோஷம். பழி தீர்ந்தது, இனி முபீனா வந்துவிடுவாள். வழியில் புவனகிரி வருவதற்குள், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பது வரைக்கும் யோசித்து முடித்துவிட்டார்.

கதையைக் கேட்ட அப்துல் வதூதுக்கு முகம் செத்துப்போயிற்று. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். முபீனா வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஹுமாயூன் அவள் பக்கம் திரும்பி, இப்போது வெறும் சோப்புத் தண்ணீர்தான், நேராக நடந்துதான் வீட்டுக்கு வருகிறேன், வந்துவிடு என்றார்.

"நீங்க குடிக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் முபீனா. "கூடவே படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் போன?"

"வேற செக்‌ஷன் கேளுங்கன்னு எத்தன வாட்டி கெஞ்சினேன். கம்பெனிக்காரங்களே குடுத்தாங்க, நீங்க போவல. ஞாயித்துக்கிழம லீவுல கூட, சொரத்துல கெடந்த புள்ளைய விட்டுட்டு அந்தத் தொட்டிகிட்ட போயி நின்னீங்க. யாரு கூப்புட்டா ஒங்கள? இப்ப நீங்களா விட்டீங்களா, கம்பெனி விட வச்சுச்சா?"

தொட்டி போனதிலிருந்து ஹுமாயூனுக்குத் தூக்கமில்லை. காரணமில்லாமல் எரிச்சல், கை நடுக்கம். எதனால் என்று தன்னையே கேட்டுக்கொள்ளாமல் அத்தனை நாளும் தள்ளி வந்திருந்தார். அவள் கேட்டுவிட்டாள். அண்ணன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன வாரம் பின்பக்கம் போயி, அந்தக் காலித் தொட்டிக்குள்ள தலய விட்டு மோந்து பாத்தேன், முபீனா" என்றார்.

"அந்த வாடைய விட முடியலங்கறத அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா நான் போயிருக்க மாட்டேன்" என்றாள்.

பிறகு ஷாசியாவைக் கூப்பிட்டு, அத்தாவுக்குச் சோறு வை, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.