ஒத்தையாப் போனவன்

அண்ணன் உடம்புக்கு முடியாமல் இறந்து இருபது நாள் ஆகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் இன்னமும் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். தீவிரவாதி. நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு அது ரேடியோச் செய்தியில் வரும் சொல். காடு, துப்பாக்கி, அவ்வளவுதான் தெரியும். எங்கள் வீட்டுக்குள் அது பல வருஷத்துக்கு முன்னால் கிணற்றுத் தண்ணீர் வழியாக வந்தது.

திண்டுக்கல் பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகள் உள்ள ஊர் எங்களுடையது. கழிவு இறங்கி இறங்கிக் கிணறு உப்பாகிப்போய், சோறு மஞ்சளாக வெந்தது. அண்ணனும் தோல் ஷாப்பில்தான் வேலை பார்த்தான். தண்ணீர் கெட்டதைப் பற்றி நடந்த கூட்டங்களுக்குப் போய்வர ஆரம்பித்தவன், கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் திங்கட்கிழமை அன்று, அந்தத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுபோய் அதிகாரியின் மேஜையில் வைத்து, குடிக்கச் சொன்னான். வேலை போயிற்று.

"ஏலே, நீ தீவிரவாதி ஆயிட்ட" என்று முதலில் சொன்னது அப்பாதான். அப்புறம் தெருவே சொன்னது.

இரண்டு நாளில் ஏட்டு விசாரிக்க வந்தார். அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விடுவாரோ என்று எங்களுக்குப் பயம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் கட்டவில்லை. போலீசுக்கு முன்னால் அப்படி ஒருத்தர் நின்று நான் பார்த்ததே இல்லை. அந்தப் பதற்றத்தில் அம்மா, வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்கும் பழக்கத்தில், ஒரு சொம்பை நீட்டினாள். சைக்கிளில் கொண்டுவந்த நல்ல தண்ணீர்க் குடம் பக்கத்திலேயே இருந்தது. அவள் மொண்டது கிணற்றுத் தண்ணீர்.

ஏட்டு ஒரு மடக்கு குடித்தார். முகம் கோணியது. ஆனால் துப்பவில்லை.

"இதையா குடிக்கிறீக?"

தப்பு அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது. "சமைக்க, குளிக்க இதுதேன் ஏட்டய்யா."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு அண்ணனிடம், அடுத்த திங்களும் போவாயா என்று கேட்டார். போவேன் என்றான்.

"அப்ப நாலு பேரக் கூட்டிட்டுப் போ. ஒத்தையாப் போனாத்தேன் தீவிரவாதிம்பாக."

அம்புட்டுப் பெரிய சொல் இவ்வளவுதானா என்று மலைத்துப்போய் நின்றேன்.

அடுத்த திங்கள் தெருவிலிருந்து ஒருவரும் கூட வரவில்லை. அம்மாவும் நானும் அண்ணனோடு டவுன் பஸ் ஏறினோம். வண்டி நகரும்போது பின்படியில் அப்பா ஏறினார். எங்களைத் தெரியாதவர் மாதிரி கடைசி வரைக்கும் பின்னாலேயே நின்றுகொண்டு வந்தார்.